கொரிவி காரம்: ஜாடியில் என்ன கோளாறு, எங்கே தவறியது, என்ன செய்யலாம்

தை, மாசியில் பழ மிளகாய் சந்தைக்கு வந்ததும் குண்டூர், கிருஷ்ணா பக்கத்து வீடுகளில் வருஷத்துக்கு வேண்டிய கொரிவி காரத்தை அரைத்து ஜாடியில் போட்டுவிடுவார்கள். பண்டு மிரபகாய பச்சடி என்றும் சொல்வதுண்டு. செடியிலேயே பழுத்துச் சிவந்த, இன்னும் வற்றலாகாத மிளகாய், உப்பு, புளி, பூண்டு, வெந்தயம், கொஞ்சம் மஞ்சள். சாமான் அவ்வளவுதான். ஜாடியில் போடும்வரை, வெந்தயம் வறுப்பதைத் தவிர அடுப்புக்கு வேலையே இல்லை. தமிழ்நாட்டில் தெலுங்கு பேசும் வீடுகளிலும், அவர்களுக்குப் பக்கத்து வீடாக வாய்த்தவர்கள் வீடுகளிலும் இந்த ஜாடி இருக்கும்.

சாமான் குறைவு என்பதால் சுலபம் என்று நினைத்து இறங்கி, பத்தாம் நாள் ஜாடியைத் திறந்து பார்த்து முழிப்பவர்கள் நிறைய. அவர்களுக்காகத்தான் இது. கோளாறுகளை இரண்டாகப் பிரித்துக்கொண்டால் பதற்றம் பாதி குறையும். காரம், கசப்பு, உப்பு, புளிப்பு, நிறம் இவற்றில் வரும் குறையை எந்த நாளிலும் ஒப்பேற்றலாம். ஈரத்தாலும் உப்புக் குறைவாலும் வருவதை அரைத்த பிறகு திருத்துவது கஷ்டம், சில சமயம் முடியவே முடியாது. ஆகவே ஜாடியில் எது தெரிந்தாலும் முதல் கேள்வி, "இது சுவைக் கோளாறா, கெட்டுப்போன கோளாறா?" என்பதுதான்.

முறையில் நமக்குள் குழப்பம் வராமல் இருக்க, நான் எதை வைத்துப் பேசுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். பழ மிளகாய் 1 கிலோ, கல் உப்பு 200 முதல் 250 கிராம், கொட்டையும் நாரும் எடுத்த புளி 250 கிராம், உரித்த பூண்டு 100 கிராம், வெந்தயம் 25 கிராம், மஞ்சள் தூள் ஒரு தேக்கரண்டி. மிளகாயைக் காம்போடு கழுவி, துடைத்து, துணியில் பரப்பி நிழலில் ஒரு முழு நாள் உலர்த்த வேண்டும். அதற்கு அப்புறம்தான் காம்பைக் கிள்ளுவது. உப்பும் மஞ்சளும் சேர்த்துக் கொரகொரப்பாக அரைத்து, பாதியை ஜாடியில் போட்டு, நடுவில் புளியை வைத்து, மீதியால் மூடி, வாயில் துணி கட்டி மூன்று நாள் வைக்கவும். அதற்குள் புளி ஊறி மெத்தென்று ஆகியிருக்கும். எல்லாவற்றையும் எடுத்து, வறுத்துப் பொடித்த வெந்தயமும் பூண்டும் சேர்த்து மறுபடி அரைத்து ஜாடிக்குள் திருப்பிவிடலாம். சாப்பிடும்போது அன்றைக்கு வேண்டியதை மட்டும் எடுத்து நல்லெண்ணெயில் தாளித்துக்கொள்வது.

"மேலே வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது"

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். வெள்ளை என்று எல்லாரும் ஒரே வார்த்தையில் சொல்வதில் மூன்று வேறு வேறு விஷயங்கள் உண்டு.

ஜாடியின் கழுத்துப் பக்கம், விழுது ஒட்டிக் காய்ந்த இடத்தில் வெள்ளைப் பொடி தெரிந்தால் அது பெரும்பாலும் உப்பு. விரலால் தேய்த்தால் நறநறவென்று இருக்கும், ஒரு சொட்டு தண்ணீரில் கரைந்து காணாமல் போகும். துடைத்துவிட்டு நிம்மதியாக இருங்கள்.

விழுதின் மேல் தட்டையாக, ஆடை மாதிரி, சுருக்கம் சுருக்கமாக மெல்லிய படலம் இருந்தால் அது காற்றோடு உறவாடும் ஒரு வகை ஈஸ்ட். மூன்று நாள் ஊறும் காலத்தில், உப்பு குறைவாகப் போட்ட ஜாடிகளில்தான் இது தலைகாட்டும். விஷமில்லை, ஆனால் விட்டால் புளிப்பை மெல்ல மெல்லத் தின்றுவிடும். புளிப்பு குறைந்தால் அடுத்து வருகிறவன் மோசமானவன். படலத்தோடு சேர்த்து ஒரு விரல் கனத்துக்கு மேலே வழித்து எறியுங்கள். கீழே உள்ளது நல்ல புளிப்பு வாசனையோடு இருந்தால், அரைத்த உப்பைக் கூட்டிக் கலந்து, வேறு சுத்தமான பாத்திரத்தில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள்.

மூன்றாவது பூஞ்சை. பஞ்சு பஞ்சாக உயர்ந்து நிற்கும். வெள்ளையில் ஆரம்பித்துப் பச்சை, சாம்பல், கருப்பு என்று நிறம் மாறும். இதை வழித்துப் போட்டுவிட்டுச் சாப்பிடுகிற பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. வேண்டாம். பூஞ்சை பிடித்த இடத்தை மட்டும் வெட்டி எறி என்று கெட்டியான பொருளுக்குச் சொல்கிற யோசனையைக் கூழாக இருக்கும் விழுதுக்குப் பொருத்தக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத இழைகள் உள்ளே எவ்வளவு தூரம் இறங்கியிருக்கும் என்று பார்க்க வழியில்லை. முழு ஜாடியும் குப்பைக்குத்தான். வயிறு எரியும்தான், 1 கிலோ மிளகாயின் விலையை நினைத்தால். மருத்துவமனைச் செலவை நினைத்துக்கொள்ளுங்கள், எரிச்சல் அடங்கும். படலமா பூஞ்சையா என்று நிச்சயமாகத் தெரியாவிட்டாலும் இதே தீர்ப்புதான்.

பூஞ்சை எங்கிருந்து வந்தது என்பதைக் கண்டுபிடித்துவிட்டால் அடுத்த வருஷம் பிழைக்கலாம். ஈரக் கரண்டி என்று எல்லாரும் சொல்வார்கள், அதுவும் உண்டு. ஆனால் பலர் பார்க்காமல் விடுவது மிளகாயின் உள்ளே. பழ மிளகாய் வெளியே பளபளவென்று இருக்கும். காம்பைக் கிள்ளி, அந்த ஓட்டை வழியாகப் பிளந்து பாருங்கள்: சிலவற்றில் விதைகள் கருத்து, சுற்றிலும் சாம்பல் நிறத்தில் தூசு படிந்த மாதிரி ஒரு மெல்லிய பஞ்சு இருக்கும். காம்புப் பக்கத்தில் குண்டூசித் துளை தெரிந்தால் உள்ளே புழு இருந்தது, அல்லது இருக்கிறது. தோலில் வட்டமாக உள்வாங்கிய கரும்புள்ளி இருந்தால் அது பழ அழுகல் நோய். காயை விடப் பழுத்த மிளகாயைத்தான் அது அதிகம் பிடிக்கும். இப்படிப்பட்ட நாலு மிளகாய் மிக்ஸிக்குள் போனால் பூஞ்சை விதையை நாமே ஜாடி முழுக்கத் தூவியதாகும். ஒவ்வொரு மிளகாயையும் பிளந்து பார்ப்பது சலிப்பான வேலை. டிவி முன்னால் உட்கார்ந்து செய்யுங்கள், ஆனால் செய்யுங்கள்.

காம்போடு கழுவச் சொன்னதும் இதற்காகத்தான். காம்பைக் கிள்ளிவிட்டுக் கழுவினால் தண்ணீர் உள்ளே புகுந்து உட்கார்ந்துகொள்ளும். எத்தனை மணி நேரம் நிழலில் போட்டாலும் வெளியேறாது.

"குமிழி விடுகிறது, பொங்கி மேலே வந்திருக்கிறது"

முதல் மூன்று நாளில், துணி கட்டிய ஜாடியில், அங்கங்கே சிறு குமிழி வருவது இயல்பு. தோசை மாவைப் புளிக்க வைக்கும் அதே குடும்பத்து நுண்ணுயிரிகள் இங்கும் கொஞ்சம் வேலை செய்யும். வாசனை சுத்தமான புளிப்பாக இருக்க வேண்டும்.

இரண்டாம் முறை அரைத்து மூடி வைத்த பிறகும் பொங்கிக்கொண்டே இருந்தால் உப்பு போதவில்லை என்று அர்த்தம். கணக்குப் போட்டுப் பாருங்கள். மேலே சொன்ன அளவில் 200 கிராம் உப்பு போட்டால் மொத்த எடையில் அது 12 அல்லது 13 சதவீதம். அந்த இடத்தில் புளிக்க வைக்கும் கூட்டம் பெரும்பாலும் அடங்கிவிடும். "எங்க வீட்ல உப்பு கம்மியாத்தான் சாப்பிடுவோம்" என்று 100 கிராமில் நிறுத்தியவர்களுக்கு 7 சதவீதத்துக்கும் கீழேதான் கிடைக்கும். அந்த ஜாடி வெளியில் நிற்காது. வாசனை நன்றாக இருந்து, வாரம் ஒன்றுக்குள் கண்டுபிடித்திருந்தால், எவ்வளவு உப்பு குறைந்ததோ அதை எடைபோட்டு, வாணலியில் வெறுமனே வறுத்து, ஆறவைத்து, பொடித்துக் கலந்து ஃப்ரிட்ஜுக்கு மாற்றலாம்.

இங்கே ஒரு பொறி உண்டு. கல் உப்பு ஒரு டம்ளரும் தூள் உப்பு ஒரு டம்ளரும் ஒரே எடை இல்லை. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் காற்று. பாட்டி டம்ளரில் அளந்தார் என்றால் அது அவர் டம்ளர், அவர் உப்பு. நமக்குத் தராசுதான் நல்லது.

இறுக்கி மூடிய பாட்டிலின் மூடி உப்பியிருந்தாலோ, திறந்ததும் சீறி வழிந்தாலோ, அழுகிய வாடையோ சாக்கடை வாடையோ அடித்தாலோ, நாக்கில் வைத்துப் பார்க்காதீர்கள். நேராகக் குப்பைக்கு.

"புளி பிடிக்காது, அதனால் போடவில்லை"

இது கோளாறாக யாருக்கும் தெரியாது, வெளியே எந்த அடையாளமும் இருக்காது என்பதால்தான் தனியாகச் சொல்கிறேன். இந்த விழுதில் புளி ருசிக்கு மட்டும் இல்லை. புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலம்தான் விழுதின் அமிலத்தன்மையைக் காப்பாற்றி வைக்கிறது. பிஎச் (புளிப்பை அளக்கும் எண், புளிப்பு ஏற ஏற இது குறையும்) 4.6க்குக் கீழே இருந்தால் போட்டுலிசம் என்னும் கொடிய நோய்க்குக் காரணமான நஞ்சை உண்டாக்கும் பாக்டீரியா வளராது. பூண்டு மண்ணில் விளைவது, அந்தப் பாக்டீரியாவின் வித்துகளும் மண்ணில் இருப்பவை. அவற்றுக்குக் காற்றில்லாத இடம் பிடிக்கும். மேலே எண்ணெய் ஊற்றினால் அதைத்தான் நாம் செய்து கொடுக்கிறோம். அதனால் புளியையும் உப்பையும் குறைத்துவிட்டு, மிளகாய், பூண்டு, எண்ணெய் என்று மட்டும் அரைத்தால் அது ஊறுகாய் ஆகாது. சட்னிதான். ஃப்ரிட்ஜில் வைத்து மூன்று நான்கு நாளில் தீர்த்துவிடுங்கள். புளி பிடிக்காதவர்கள் எலுமிச்சைச் சாறு ஊற்றுகிறார்கள். அது சரிதான், ஆனால் கஞ்சத்தனம் காட்டாமல் ஊற்ற வேண்டும், ஃப்ரிட்ஜிலும் வைக்க வேண்டும்.

"தண்ணீர் விட்டுக்கொண்டு நிற்கிறது"

எந்த நாள் என்று முதலில் சொல்லுங்கள். இரண்டாம் நாள் என்றால் அது கோளாறே இல்லை. உப்பு மிளகாயின் நீரை இழுத்து வெளியே கொண்டுவருகிறது, அதைக் குடித்துத்தான் புளி ஊற வேண்டும். பயந்துபோய் அந்தச் சாற்றை வடித்துக் கொட்டினால் உப்பில் பாதி அதோடு போய்விடும்.

இரண்டாவது முறை அரைத்த பிறகும் ரசம் போல ஓடினால் மிளகாய் சரியாக உலரவில்லை, அல்லது மிக்ஸி சுற்றவில்லை என்று யாரோ ஒரு கை தண்ணீர் தெளித்திருக்கிறார்கள். (கேட்டால் "கொஞ்சூண்டுதான்" என்பார்கள்.) அகலமான பீங்கான் தட்டில் பரப்பி, மேலே மெல்லிய துணி போட்டு, நல்ல வெயிலில் அரை நாள் வையுங்கள். கரண்டியில் எடுத்தால் நிற்கிற பதம் வந்ததும் ஆறவைத்து ஜாடிக்கு மாற்றலாம். வெயில் இல்லையென்றால் நல்லெண்ணெயில் போட்டு, எண்ணெய் பிரிந்து மேலே வரும்வரை சுருள வதக்கி, நம்மூர் தொக்காக மாற்றிவிடுங்கள். கொரிவி காரத்தின் அந்தப் பச்சை மணம் போய்விடும், ஆனால் வீணாகாது. தொக்கும் மோசமில்லை, தயிர் சாதத்துக்கு அதுதான் பொருத்தம் என்பது என் கட்சி.

மிக்ஸி சுற்றாவிட்டால் செய்ய வேண்டியது: ஜாரில் பாதிக்கு மேல் போடாதீர்கள், உப்பை முதலிலேயே சேர்த்துவிடுங்கள், விட்டு விட்டுத் திருப்புங்கள். உப்பு பட்ட மிளகாய் ஐந்து நிமிஷத்தில் தானே நீர் விடும். அந்த நீரிலேயே அரையும்.

"வறண்டு கட்டியாகிவிட்டது"

வாடிய மிளகாய், சதை குறைந்த ரகம், அல்லது அதிகப் புளி. தண்ணீர் மட்டும் வேண்டாம். ஒரு எலுமிச்சம்பழச் சாறு, அல்லது காய்ச்சி நன்றாக ஆறிய நல்லெண்ணெய் நாலைந்து கரண்டி கலந்து ஒரு நாள் விட்டால் இளகும்.

"நிறம் மங்கிவிட்டது, செங்கல் நிறத்துக்குப் போய்விட்டது"

மேல் பரப்பு மட்டும் கருத்து, கீழே சிவப்பாகவே இருந்தால் காற்றும் வெளிச்சமும் பட்டது காரணம். மிளகாயின் சிவப்பு நிறமிகள் கேரட்டின் நிறமி குடும்பத்தைச் சேர்ந்தவை, வெளிச்சத்திலும் காற்றிலும் வெளுக்கும், எண்ணெயில் கரையும். ஆகவே கண்ணாடி பாட்டிலை ஜன்னல் ஓரத்தில் அழகுக்கு வைக்காதீர்கள். விழுதை அமுக்கிச் சமன் செய்து, மேலே காய்ச்சி ஆறிய எண்ணெயை ஒரு படலமாக ஊற்றி வைத்தால் போதும். பழைய பீங்கான் ஜாடிக்கு இந்தக் கவலையே கிடையாது.

ஜாடி முழுக்க ஒரே மாதிரி பழுப்பாக இருந்தால் புளியைச் சந்தேகப்படுங்கள். போன வருஷத்துப் பழம்புளி கன்னங்கரேலென்று இருக்கும், ருசி நன்றாகத்தான் இருக்கும், நிறத்தைக் கெடுத்துவிடும். மிளகாய் தையிலேயே வந்துவிடுகிறது, புதுப் புளி மாசி, பங்குனியில்தான். பலர் இரண்டாவது ஈட்டு மிளகாய்க்காகக் காத்திருந்து போடுவதற்கு இதுவும் ஒரு காரணம். இன்னொன்று, பாதி பழுத்த மிளகாய். பச்சையும் சிவப்பும் கலந்து அரைத்தால் எந்தச் சாமி வந்தாலும் பழுப்புதான் கிடைக்கும். நிறம் கட்டாயம் வேண்டுமென்றால் பியாட்கி ரக மிளகாய் வற்றலைப் பொடித்து இரண்டு மூன்று கரண்டி சேர்க்கலாம். காரம் ஏறாது, சிவப்பு ஏறும், ஈரமும் சேராது.

"பூண்டு பச்சையாக, நீலமாக மாறிவிட்டது"

பார்த்ததும் தூக்கிப் போட்டுவிடுவார்கள், பாவம். இது கெட்டுப்போனதற்கு அடையாளமில்லை. பூண்டிலுள்ள கந்தகச் சேர்மங்கள் புளிப்போடு சேரும்போது சில பூண்டுகளில் இந்த நிறம் வரும். குளிரில் ரொம்ப நாள் வைத்திருந்த பூண்டில் அதிகம் வரும். பூண்டை முழுப் பல்லாகப் போடுகிறவர்களுக்குத்தான் இது கண்ணில் படும். அரைத்துவிட்டால் மிளகாய்ச் சிவப்பில் மறைந்துபோகும். பூண்டின் மேல் பஞ்சு இல்லை, வழுவழுப்பு இல்லை என்றால் சாப்பிடலாம்.

"கசக்கிறது"

நூற்றுக்குத் தொண்ணூறு வெந்தயம்தான். மிச்சம் வைத்த வெந்தயப் பொடி இருந்தால் ஒரு சிட்டிகை நாக்கில் வைத்துப் பாருங்கள். பச்சைக் கசப்பாக, பல்லில் பசை போல ஒட்டினால் வறுபடவில்லை. அந்தக் கசப்பு உப்பிலும் புளியிலும் ஊறி இரண்டு மூன்று வாரத்தில் நிறையவே தணியும், காத்திருங்கள். காபிக் கொட்டை கருகிய வாசனையோடு கசந்தால் தீய்ந்திருக்கிறது, அது தணியாது. தாளிக்கும்போது ஒரு துண்டு வெல்லம் சேர்த்து மறைக்கலாம், அவ்வளவுதான்.

சரியான பதம் எது? சிறு தீயில், எண்ணெய் இல்லாமல், கையை எடுக்காமல் வறுக்கும்போது வெந்தயம் முதலில் மஞ்சளாகவே இருந்து ஏமாற்றும். அப்புறம் திடீரென்று நாட்டுச் சர்க்கரை நிறத்துக்கு வரும். அந்த நொடியில் வாணலியில் விட்டால் அதன் சூட்டிலேயே கருத்துவிடும், உடனே தட்டில் கொட்ட வேண்டும். ஆறியதும் ஒன்றைக் கடித்தால் படக்கென்று உடைய வேண்டும்.

வெந்தயமும் சரி, கசப்பும் உண்டு என்றால் தாளித்த எண்ணெய் புகைந்திருக்கும், அல்லது கடுகோ பெருங்காயமோ கருகியிருக்கும். ஜாடியிலிருந்து தாளிக்காத விழுதைத் தொட்டு நக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

"காரம் தாங்க முடியவில்லை"

ரகம் தெரியாமல் வாங்கியதன் விளைவு. தேஜா ரகப் பழம் என்றால் கண்ணீர் வரத்தான் செய்யும். குண்டூர் சன்னம் அதைவிடச் சாந்தம். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் ராமநாதபுரம் முண்டு பழமாகக் கிடைத்தால் விடாதீர்கள். தோல் தடிமன், காரமும் தேஜா அளவுக்குப் போகாது. பெரும்பாலும் வற்றலாகத்தான் சந்தைக்கு வருகிறது என்பது தனி வருத்தம்.

காரம் விதையில் இருப்பதாக நினைத்து விதையைத் தட்டிக் கொட்டுகிறவர்கள் உண்டு. காரத்தைத் தரும் கேப்சைசின் என்னும் பொருள் உருவாவது விதை ஒட்டிக்கொண்டிருக்கும் வெளிறிய நடுநரம்பில். விதைக்கு அது ஒட்டுறவில் வந்த காரம். அடுத்த முறை பாதி மிளகாய்க்கு அந்த நரம்பை வழித்து எடுத்துவிட்டு அரைத்தால் வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

இப்போது ஜாடியில் இருப்பதை ஜாடியிலேயே திருத்த முயலாதீர்கள். தக்காளி, தேங்காய், வெங்காயம் எதைச் சேர்த்தாலும் ஈரம் சேரும், ஆயுள் போகும். அன்றைக்கு எடுக்கும் இரண்டு கரண்டியில் எதை வேண்டுமானாலும் செய்யலாம்: தாளிக்கும்போது வெல்லம், பொட்டுக்கடலைப் பொடி, வதக்கிய தக்காளி. ஆந்திர வீடுகளில் கெட்டியாகக் கடைந்த பருப்பையும் நெய்யையும் கூடவே வைப்பது இதற்காகவும்தான். கேப்சைசின் கொழுப்பில் கரையும், தண்ணீரில் கரையாது. வாய் எரிந்தால் சொம்புத் தண்ணீர் குடித்து ஒரு பலனும் இல்லை, ஒரு வாய் தயிர் கேளுங்கள்.

ஆவி பறக்கும் சோற்றில் இதே விழுது இன்னும் காரமாகத் தெரியும். அது மனப்பிரமை கிடையாது. சூட்டை உணரும் நரம்பு ஏற்பியைத்தான் கேப்சைசினும் தட்டி எழுப்புகிறது. அதைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் மருத்துவ நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. சோறு கொஞ்சம் ஆறட்டும். குழந்தைகளுக்குப் பிசையும்போது இது உதவும்.

"உப்புக் கரிக்கிறது"

முதல் மாதத்தில் உப்பு தூக்கலாகத்தான் இருக்கும், அப்படித்தான் இருக்க வேண்டும். இது தொட்டுக்கொள்கிற சாமான், அள்ளிப் போட்டுக்கொள்கிற கூட்டு அல்ல. உண்மையிலேயே அதிகமாகிவிட்டால் இன்னும் கால் கிலோ மிளகாயை உப்பில்லாமல் அரைத்து, அதற்கேற்ற புளியோடு கலந்துவிடுங்கள். மிளகாய்ப் பருவம் முடிந்துவிட்டதா? குழம்புக்குப் பயன்படுத்துங்கள். மீன் குழம்போ கத்திரிக்காய்க் குழம்போ, உப்பு போடாமல் வைத்து, கடைசியில் இந்த விழுதை இரண்டு கரண்டி கரைத்துவிட்டால் உப்பு, புளி, காரம் மூன்றும் ஒன்றாக வந்து சேரும். வறுக்கும் மீனில் தடவ இதைவிட நல்ல மசாலா கிடையாது.

"கை எரிகிறது"

முதலில் எண்ணெய். தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ நன்றாகத் தடவி, பேப்பரால் துடைத்து, அதற்குப் பிறகு சோப்பு போட்டுக் கழுவுங்கள். வெறும் தண்ணீரில் கழுவினால் எரிச்சல் பரவும், வெந்நீர் என்றால் இன்னும் மோசம். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் அன்றைக்கு மிளகாய் கிள்ளும் வேலையை வேறு யார் தலையிலாவது கட்டிவிடுங்கள்.

"தாளிக்கும்போது வீடே இருமுகிறது"

எண்ணெய் புகையும்போது விழுதைக் கொட்டினால் தெருவே இருமும். கடுகு, உளுந்து, பெருங்காயம், கறிவேப்பிலை எல்லாம் பொரிந்ததும் அடுப்பை அணையுங்கள். சலசலப்பு அடங்கட்டும். அப்புறம் விழுதைப் போட்டுக் கிளறினால் அந்தச் சூடே போதும், நிறமும் கெடாது.

"ஊறுகாய் நன்றாக இருக்கிறது, ஆனால் எண்ணெய் சிக்கு வாடை அடிக்கிறது"

முழு ஜாடியையும் ஒரே நாளில் தாளித்துவிட்டீர்கள். வேலை மிச்சம் என்று பலரும் செய்வதுதான். எண்ணெய் காற்றோடு பழகிக் காறிப்போகிறது. கறிவேப்பிலை நமத்து, கடுகு கசந்து, உளுந்து ரப்பர் போல ஆகிவிடும். விழுது கெடவில்லை, எண்ணெய்தான் கெட்டது. லேசான வாடை என்றால் மேலே நிற்கும் எண்ணெயை வடித்து எறிந்துவிட்டு, மீதியைக் குழம்புக்கு வைத்துக்கொள்ளலாம். தொண்டையில் காறினால் விட்டுவிடுங்கள். இனிமேல் வாரத்துக்கு ஒரு சின்னக் கிண்ணம் மட்டும் தாளிப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள், கொரிவி காரத்தைத் தாளிக்காமல் ஜாடியில் வைப்பதே அதற்காகத்தான்.

வாடை எண்ணெயில் இல்லாமல் இரும்பு மாதிரி, நாக்கில் சுளீரென்று இருந்தால் பாத்திரத்தைப் பாருங்கள். ஜாம் பாட்டிலின் தகர மூடி உள்பக்கம் துருப்பிடித்திருக்கும். எவர்சில்வர் டப்பாவில்கூட மாதக்கணக்கில் வைத்தால் உப்பும் புளியும் சேர்ந்து புள்ளி புள்ளியாக அரித்துவிடும். அலுமினியத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். துரு விழுதில் கலந்திருந்தால் அந்தப் பகுதியைத் தாராளமாக வழித்து எறிந்துவிட்டு, மீதியைப் பீங்கானுக்கோ கண்ணாடிக்கோ மாற்றுங்கள். மூடி வைக்கும் முன் பாட்டில் வாயில் ஒரு துண்டு வாழை இலையோ பட்டர் பேப்பரோ வைக்கலாம் என்பார்கள். வாழை இலை இரண்டு நாளில் வாடி ஈரம் கட்டும். பட்டர் பேப்பரே போதும்.